வரலாறு படிக்கும் மாணவிக்கு மார்க்கெட்டிங் எதற்கு? லிபரல் ஆர்ட்ஸ் கல்வியில் ஒரு வணிகப் பாடத்தின் இடம்

நான்காண்டுப் பட்டப்படிப்பும் பல்துறைப் பாடங்களும் வந்த பிறகு, சேர்க்கைக் காலத்தில் ஒரு குழப்பம் தொடர்ந்து எழுகிறது. வரலாறோ ஆங்கில இலக்கியமோ எடுத்த மாணவியின் பாடப்பட்டியலில் மார்க்கெட்டிங் இருக்கிறது. ‘நாளைக்கு வேலைக்கு உதவும்’ என்று ஒரு தரப்பு மகிழ்கிறது. ‘இலக்கியம் படிக்க வந்த பிள்ளைக்கு சோப்பு விற்கக் கற்றுக்கொடுப்பதா?’ என்று இன்னொரு தரப்பு கோபப்படுகிறது. மார்க்கெட்டிங் என்றால் விற்கும் வித்தை, அவ்வளவுதான் என்று இரு தரப்புமே எடுத்துக்கொள்கின்றன. குழப்பத்தின் வேர் அங்கேதான். அந்தப் பாடம் அங்கே இருக்கலாமா என்பது அதன் பெயரைப் பொறுத்தது அல்ல. அது எத்தனை கிரெடிட், எந்தப் பாடத்தின் இடத்தில் வருகிறது, வகுப்பில் என்ன செய்யச் சொல்கிறது என்பவற்றைப் பொறுத்தது.

முதலில் சில சொற்கள்

லிபரல் ஆர்ட்ஸ் என்பது நம் ஊரில் சொல்லும் ‘ஆர்ட்ஸ் குரூப்’ அல்ல. ‘லிபர்’ என்ற லத்தீன் சொல்லுக்குச் சுதந்திரமானவர் என்று பொருள். அடிமையாக இல்லாத குடிமகன் பொதுவாழ்வில் பங்கேற்கத் தேவையான அறிவு எதுவோ அதுவே லிபரல் ஆர்ட்ஸ் எனப்பட்டது. இடைக்கால ஐரோப்பாவில் அது ஏழு கலைகள்: இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். ஏழில் நான்கு கணக்கைச் சார்ந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். அறிவியல் இதற்கு வெளியே நின்றதே இல்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020 இந்தக் கருத்தை அறுபத்து நான்கு கலைகளோடு இணைத்துப் பேசுகிறது.

மார்க்கெட்டிங், பாடநூல் தமிழில் சந்தைப்படுத்தல், விற்பனையைவிடப் பெரியது. யாருக்கு என்ன தேவை, அதற்கு எந்தப் பொருள், என்ன விலை, எந்த வழியாகக் கைக்குப் போய்ச் சேரும், அதைப் பற்றி எப்படிச் சொல்வது என்ற ஐந்து கேள்விகளும் அதில் அடங்கும். 1960-இல் ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் இவற்றைப் பொருள், விலை, இடம், ஊக்குவிப்பு என்று சுருக்கினார். ஆங்கிலத்தில் நான்கும் ‘பி’ எழுத்தில் தொடங்குவதால் ‘நான்கு பி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கிரெடிட் என்பது நேரக் கணக்கு. வாரம் ஒரு மணி நேர வகுப்பு, 15 வாரம் நடந்தால் ஒரு கிரெடிட். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 45 மணி நேரம். கீழே சொல்லப்போகும் எல்லாம் இந்த 45 மணி நேரத்துக்குள் அடங்கியாக வேண்டும்.

பிறந்த வீடு பொருளியல் துறை

மார்க்கெட்டிங் வணிகக் கல்லூரியில் பிறந்து, பின்னர் கலைக் கல்லூரிக்குள் நுழைந்த பாடம் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது வேறு. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1902-இல் எட்வர்ட் ஜோன்ஸ் இந்தப் பொருளில் வகுப்பெடுத்தார். அவர் ஒரு பொருளியலாளர். பாடத்தின் பெயரில் ‘மார்க்கெட்டிங்’ என்ற சொல்லே இல்லை. ‘விநியோகத் தொழில்கள்’ என்றுதான் இருந்தது. அந்தத் தலைமுறையைக் குடைந்த கேள்வி இது: நகரத்தில் இருப்பவர் உணவுக்குக் கொடுக்கும் காசில் உழவருக்கு இவ்வளவு குறைவாகப் போய்ச் சேருவது ஏன்? இடைத்தரகர் உண்மையில் ஏதாவது வேலை செய்கிறாரா, சும்மா உறிஞ்சுகிறாரா? மின்னசோட்டாவில் கற்பித்த லூயிஸ் வெல்ட், விளைபொருள் வயலிலிருந்து சந்தைவரை போகும் வழியைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து, 1916-இல் வேளாண் பொருள்களின் சந்தை பற்றிய நூலை வெளியிட்டார்.

தக்காளி விலை வயலில் விழும்போதும் கடையில் ஏறும்போதும் நாம் கேட்பது இதே கேள்விதான். சமூக அறிவியலுக்குள் கேட்கப்பட்ட இந்தக் கேள்வி, வணிகப் பள்ளிகள் பெருகியபோது ‘அதிகம் விற்பது எப்படி’ என்பதாகச் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தை உள்ளேயிருந்தே கண்டித்தவர்களும் உண்டு. 1959-இல் ஃபோர்டு அறக்கட்டளைக்காக கோர்டனும் ஹோவெலும், கார்னெகி நிறுவனத்துக்காக பியர்சனும் தனித்தனியே எழுதிய அறிக்கைகள் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்தன: வணிகக் கல்வி வெறும் தொழிற்பயிற்சியாகக் குறுகிவிட்டது, கணிதமும் சமூக அறிவியலும் பொதுக் கல்வியும் அதில் கூட வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் என்ன ஆனது

1990-இல் டேவிட் பிரெனமன் என்ற பொருளியலாளர், லிபரல் ஆர்ட்ஸ் என்று பெயர் வைத்திருந்த கல்லூரிகள் உண்மையில் எந்தப் பாடங்களில் பட்டம் கொடுக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார். சுமார் 600 என்று பேசப்பட்ட இடத்தில் 212 மட்டுமே தேறின. அதே அளவுகோலை வைத்து வேறு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட கணக்கில் அது 130 ஆகிவிட்டது. பெயர்ப் பலகைகள் மாறவில்லை. உள்ளே பட்டங்கள் வணிகம், செவிலியம், கணினி என்று நகர்ந்துவிட்டன. இன்று அமெரிக்காவில் தரப்படும் இளநிலைப் பட்டங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வணிகப் பட்டம்.

எதிர்நிலையும் உண்டு. வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், ஸ்வார்த்மோர் போன்ற கல்லூரிகளில் மார்க்கெட்டிங்கை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுக்கவே முடியாது. பொருளியலும் உளவியலும் படித்து வெளியே வருபவர்களை நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஸ்கிட்மோர், ஃபிராங்க்ளின் அண்ட் மார்ஷல் போன்றவை இருக்கின்றன. ஃபிராங்க்ளின் அண்ட் மார்ஷல் தன் துறைக்கு ‘வணிகம், அமைப்புகள், சமூகம்’ என்று பெயர் வைத்து, வணிகத்தைச் சமூக அறிவியலின் ஒரு கிளைபோல நடத்துகிறது. இந்தியாவில் புனேயின் ஃபிளேம் பல்கலைக்கழகம் லிபரல் கல்வி என்ற குடையின் கீழேயே மார்க்கெட்டிங் படிப்பை வைத்திருக்கிறது.

2023-இல் வர்ஜீனியாவின் மேரிமவுண்ட் பல்கலைக்கழகம் ஆங்கிலம், வரலாறு, தத்துவம் உள்ளிட்ட ஒன்பது மேஜர்களை மூட முடிவெடுத்தது. அதே ஆண்டில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 28 மேஜர்களை நிறுத்தியது. இவற்றைக் காட்டி ‘வணிகப் பாடங்கள் வந்தன, இலக்கியம் போனது’ என்று சொல்பவர்கள் உண்டு. மாணவர் எண்ணிக்கைச் சரிவு, நிதிப் பற்றாக்குறை எனக் காரணங்கள் பல. ஒரு மூன்று கிரெடிட் பாடம் எந்தத் துறையையும் கொன்றுவிடாது. ஆனால் தத்துவத் துறையை மூடிவிட்டு, மிஞ்சிய மாணவர்களுக்கு மார்க்கெட்டிங்கோடு ஒரு ‘நெறிமுறை’ வகுப்பைத் தந்து, அதை லிபரல் ஆர்ட்ஸ் என்று அழைத்தால் அது பொய். சேர்க்கப்படும் பாடத்தைவிட எடுக்கப்படும் பாடமே நம் கண்ணில் முதலில் பட வேண்டும்.

இந்தியாவில் கிரெடிட் கணக்கு

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160. மேஜருக்கு மட்டும் முறையே 60, 80. மேஜர் வேறாக இருக்கும் மாணவிக்கு மார்க்கெட்டிங் மூன்று வழியாக வரலாம்.

1. பல்துறைப் பாடம். மொத்தம் 9 கிரெடிட், மூன்று பாடங்கள். அறிவியல், கணிதம்–கணினி, நூலகம்–ஊடகம், வணிகம்–மேலாண்மை, கலைப்புலம்–சமூக அறிவியல் என்ற ஐந்து பெரும்பிரிவுகளில் இருந்து எடுக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் படித்ததை இங்கே திரும்ப எடுக்கக் கூடாது.

2. திறன் மேம்பாட்டுப் பாடம். இதுவும் 9 கிரெடிட். டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்ற பெயர் வழக்கமாக இங்கேதான் தலைகாட்டும்.

3. மைனர், அதாவது மேஜருக்கு அடுத்த துணைப் பாடம். மூன்றாண்டில் 24, நான்காண்டில் 32. இரண்டுமே மொத்தப் படிப்பில் ஐந்தில் ஒரு பங்கு.

முதலாவது வழி ஒரு சாளரம்; மூன்றாவது வழி ஒரு வீடு. சாளரத்தைத் தயக்கமில்லாமல் திறந்து வைக்கலாம். மைனராக எடுப்பதானால், அந்த 24 கிரெடிட்டில் புள்ளியியலும் உளவியலும் உண்டா என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். ‘விளம்பர மேலாண்மை’, ‘சில்லறை மேலாண்மை’, ‘பிராண்ட் மேலாண்மை’ என்று தலைப்பு மட்டும் மாறி, அதே நான்கு ‘பி’ எட்டு முறை திரும்பி வருவது அடிக்கடி நடக்கிறது.

தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் அமைப்பு வேறு. தமிழ் முதல் பகுதி, ஆங்கிலம் இரண்டாம் பகுதி, முதன்மை, துணைப் பாடங்கள் மூன்றாம் பகுதி, முதன்மைத் துறைக்கு வெளியே எடுக்கும் விருப்பப் பாடம் நான்காம் பகுதி. இந்த நான்காம் பகுதிப் பாடங்கள் பெரும்பாலும் இரண்டு கிரெடிட். 30 மணி நேரத்தில் முழு மார்க்கெட்டிங்கை ஓட்டப் பார்த்தால் வரையறைகளை எழுதிப்போடத்தான் நேரம் இருக்கும். ஒரே ஒரு கேள்வியை எடுத்து ஆழப் போவதற்கு அதே 30 மணி நேரம் போதும்.

ஒரு வழக்கு: நிரோத்

இந்தப் பாடத்துக்குக் கலைப் படிப்பில் இடம் உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே வலுவான சான்று இருக்கிறது. 1960-களில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் பெரிய தடை, ஆணுறை கிடைக்கும் இடங்கள் குறைவாக இருந்ததுதான். மருத்துவமனைக்குப் போய்க் கேட்க மக்கள் கூசினார்கள். கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று வேறு வழி சொன்னது: பெட்டிக்கடையில் விற்கலாம். 1968-இல் அரசு ‘நிரோத்’ என்ற பெயரில் விற்பனையைத் தொடங்கியது. மூன்று உறைகள் 15 காசு. அடக்கவிலையில் ஒரு பகுதியை அரசு ஏற்றது. கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவை புரூக் பாண்ட், லிப்டன், இந்துஸ்தான் லீவர், டாடா ஆயில் மில்ஸ், யூனியன் கார்பைடு, சிகரெட் நிறுவனமான இம்பீரியல் டொபாக்கோ ஆகியவை. தேயிலை, சோப்பு, டார்ச் செல், சிகரெட் போகாத ஊர் இல்லை. அவை போன வழியிலேயே இதுவும் போனது.

இதில் நான்கு ‘பி’யும் இருக்கிறது. ஆனால் பட்டியலை நிரப்பி முடித்ததும் கேள்விகள் தீர்ந்துபோவதில்லை. இலவசமாகக் கொடுக்காமல் 15 காசு வைத்தது ஏன்? காசு கொடுத்து வாங்கியதை மனிதர்கள் மதிக்கிறார்கள் என்பது ஒரு வாதம். விற்றால் லாபம் கிடைக்காவிட்டால் கடைக்காரர் அதை அலமாரியில் வைக்கவே மாட்டார் என்பது இன்னொன்று. முதலாவது உளவியல், இரண்டாவது பொருளியல். எல்லா மாநிலத்துக்கும் பொதுவாக ஒரு பெயர் தேடியது மொழியியல் சிக்கல். கூச்சம் இல்லாமல் கேட்க ஒரு பெயர் கிடைத்ததும் பேச்சுவழக்கு எப்படி மாறியது என்பது இலக்கிய மாணவிக்கான ஆய்வுப்பொருள். வரலாற்று மாணவி இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள்: அடுத்த பத்தாண்டில், 1975–77 நெருக்கடிநிலையின்போது நடந்த கட்டாயக் கருத்தடை. மக்கள்தொகையைக் குறைப்பதே இரண்டுக்கும் இலக்கு. ஒன்று ஆளின் கையில் முடிவை விட்டது; மற்றது முடிவைப் பறித்தது. இணங்கவைப்பதற்கும் கட்டாயப்படுத்துவதற்கும் நடுவில் கோடு எங்கே என்பது கிரேக்கர் காலத்தில் சொல்லாட்சிக் கலை பிறந்ததிலிருந்து கேட்கப்பட்டுவரும் கேள்வி. அதை இவ்வளவு கண்கூடாக எடுத்துக்காட்டும் பாடம் வேறு அதிகம் இல்லை.

45 மணி நேரத்தை எப்படிப் பயன்படுத்தலாம்

1. முதல் மூன்று வாரம்: ஒரு பொருளின் பின்னால் போவது. தமிழ்நாட்டில் 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இதற்குத் தயாராக இருக்கும் ஆய்வுக்கூடம். தக்காளியை எடுத்து, உழவர் சந்தை விலையையும் தெருக்கடை விலையையும் தினமும் ஒரே நேரத்தில், ஒரே தரத்துக்குக் குறித்து வர வேண்டும். மாணவர்கள் தவறுவது இரண்டு இடத்தில். காலை விலையை மாலை விலையோடு ஒப்பிடுவார்கள். உழவர் சந்தைக்கு வருபவரின் பயணச் செலவையும், அன்று அவர் இழந்த கூலியையும், விற்காமல் வீணான காயையும் கணக்கில் விட்டுவிடுவார்கள். அவற்றைச் சேர்த்த பிறகே இடைத்தரகர் செய்யும் வேலையின் விலை தெரியும்.

2. அடுத்த மூன்று வாரம்: கருத்துக்கணிப்பு. குலுக்கல் முறையில் 100 பேரைக் கேட்டால், கிடைக்கும் சதவீதத்தில் கூடவோ குறையவோ சுமார் 10 புள்ளிவரை பிழை இருக்கலாம். 400 பேரைக் கேட்டால் அது 5 ஆகும். பிழை பாதியாக ஆட்கள் நான்கு மடங்கு வேண்டும். இந்தக் கணக்கு குலுக்கல் முறைக்கு மட்டுமே பொருந்தும். வாட்ஸ்அப் குழுவில் படிவத்தை அனுப்பி 400 பதில் வாங்கினால் அதற்குப் பிழை அளவே சொல்ல முடியாது. பதில் போட்டவர்கள் எல்லாரும் ஒரே வகை ஆட்கள். கேள்வியின் சொற்களும் முடிவை மாற்றும். ‘இயற்கை உரத்தில் விளைந்த அரிசியை வாங்குவீர்களா?’ என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ‘கடந்த மாதம் வாங்கினீர்களா, கிலோ என்ன விலை?’ என்றால் உண்மை வெளிவரும்.

3. விலை. கைத்தறித் துணி அட்டை போட்ட நோட்டு ஒன்றை மாணவர்களே செய்வதாக வைத்துக்கொள்வோம். மொத்தத்துக்கும் சேர்த்து ஆகும் நிலையான செலவு 12,000 ரூபாய், ஒரு நோட்டின் அடக்கவிலை 35. விலை 60 என்றால் ஒன்றுக்கு 25 மிஞ்சும்; 480 நோட்டு விற்றால் போட்ட பணம் திரும்பும். ‘பத்து ரூபாய் குறைத்தால் நிறைய விற்கும்’ என்று ஒரு மாணவர் சொல்வார். 50 ரூபாயில் மிஞ்சுவது 15 மட்டுமே. இப்போது 800 விற்றாக வேண்டும். விலையில் ஆறில் ஒரு பங்கு குறைந்ததற்கு விற்பனை மூன்றில் இரண்டு பங்கு கூட வேண்டும். இரண்டு வாரத்தில் இந்த ஒரு கணக்கை நெஞ்சில் பதியவைத்தால் போதும்.

4. சோதனை. இரண்டு விளம்பர வாசகங்களை இரு குழுவுக்குக் காட்டி எது மேல் என்று பார்ப்பதே ஏ/பி சோதனை. டிஜிட்டல் மார்க்கெட்டிங் வகுப்புகளில் மிக மோசமாகக் கற்பிக்கப்படுவது இதுதான். நூறு பேர் பார்த்த பதிவில் இரண்டு பேர் அழுத்தியது, இன்னொன்றில் மூன்று பேர் அழுத்தியது என்பதை வைத்து ‘50 சதவீத முன்னேற்றம்’ என்று ஸ்லைடு போடுகிறார்கள். 2 சதவீதம் 2.5 ஆனதை நம்பத்தக்க அளவில் உறுதிசெய்ய, வழக்கமான புள்ளியியல் வரம்புகளின்படி ஒவ்வொரு குழுவிலும் சுமார் 14,000 பேர் தேவை. கல்லூரிப் பக்கத்தில் அத்தனை பேர் இருக்க மாட்டார்கள். ‘இந்தத் தரவை வைத்து எதுவும் சொல்ல முடியாது’ என்று எழுதும் மாணவிக்கே முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

5. சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். விளம்பரத்தில் பரிந்துரைப்பவரும் இதற்குள் வருவார். 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு விதிகள் இணையதளங்களின் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிடுகின்றன: இல்லாத அவசரத்தைக் காட்டுவது, கேட்காமலே கூடையில் பொருளைச் சேர்ப்பது, விலக வழியில்லாத சந்தா போன்றவை. மாணவர்கள் தாங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு செயலியைத் திறந்து, இந்த 13-இல் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கட்டும்.

மீதி வாரங்கள் அறிக்கை எழுதவும் திருத்தவும். எழுத்து அறிக்கை கட்டாயம். ஸ்லைடு மட்டும் போதாது. ஸ்லைடில் ஓட்டை தெரியாது.

வலுவான ஓர் எதிர்ப்பு

லிபரல் கல்வி மனிதரைச் சிந்திப்பவராகப் பார்க்கிறது, மார்க்கெட்டிங் அவரை இலக்காகப் பார்க்கிறது. இரண்டும் ஒரே கூரைக்குள் ஒத்துவராது என்பது அந்த எதிர்ப்பு. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. 1969-இல் மார்க்கெட்டிங் பேராசிரியர்களான பிலிப் கோட்லரும் சிட்னி லெவியும், மார்க்கெட்டிங் நிறுவனங்களுக்கு மட்டும் உரியதல்ல, தேவாலயமும் பல்கலைக்கழகமும் அரசியல் கட்சியும் செய்வதும் அதுவே என்று எழுதினார்கள். அதே ஆண்டில் டேவிட் லக் என்ற இன்னொரு பேராசிரியர், அப்படி விரித்தால் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லாமல் போகும், விற்பனை–வாங்கல் நடக்கும் இடத்தோடு நிறுத்த வேண்டும் என்று மறுத்தார்.

நிரோத் போன்றவற்றைப் புரிந்துகொள்ள கோட்லரின் விரிவு உதவுகிறது. ஆனால் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை லக் சொன்னதே சரி. மாணவரை வாடிக்கையாளர் என்று அழைக்கத் தொடங்கினால், வாடிக்கையாளருக்குப் பிடிக்காத மதிப்பெண்ணை எந்த ஆசிரியராலும் போட முடியாது. கல்லூரியின் அடிப்படை உறவே அங்கே முறிகிறது. இந்தச் சண்டையை மறைக்காமல் வகுப்புக்குள் கொண்டுவந்து, இரு தரப்பையும் படிக்கவைத்து வாதாடச் சொல்லும் பாடம்தான் கலைப் படிப்புக்குள் இருக்கத் தகுதியுள்ளது.

கேள்வித்தாளைப் பாருங்கள்

ஒரு கல்லூரியின் பாடம் எந்த வகை என்று தெரிய, பாடத்திட்டத்தின் நோக்க உரையைப் படிக்க வேண்டாம். எல்லாவற்றிலும் ஒரே அழகான சொற்கள்தான் இருக்கும். போன செமஸ்டர் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தால் போதும்.

‘சந்தைப்படுத்தலை வரையறுத்து அதன் பணிகளை விளக்குக’, ‘பிராண்டின் நன்மைகளைப் பட்டியலிடுக’ என்று இருந்தால், அது மனப்பாடத்துக்கான மூன்று கிரெடிட். அந்த இடத்தில் இன்னொரு மொழியோ புள்ளியியலோ எடுப்பது மேல்.

‘கீழே உள்ளது ஒரு பற்பசை விளம்பரம். பத்தில் ஒன்பது பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பதாகச் சொல்கிறது. இதை நம்பும் முன் நீங்கள் கேட்கும் நான்கு கேள்விகள் எவை? ஒவ்வொன்றுக்கும் எந்தத் தரவு வேண்டும், அதை யாரிடம் கேட்டுப் பெறுவீர்கள்?’ என்று இருந்தால், வரலாறு படிக்கும் மாணவி தயங்காமல் சேரலாம்.